ஆடி பிறப்பதற்குள் ஓடவேண்டிய கம்ப்யூட்டர்

நம் வயதுக்காரர்களில் யார் வீட்டிலாவது ரேடியோ அடிவாங்காமல் இருந்திருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். ஒருத்தரும் தூக்க மாட்டீர்கள். பாட்டு கரகரத்தால் தலையில் ஒரு தட்டு. டிவியில் படம் உருண்டால் பக்கவாட்டில் ஒரு அறை. சுவர்க் கடிகாரம் நின்றால் அதன் வயிற்றில் ஒரு குத்து. பெரும்பாலும் ஓடிவிடும், அதுதான் வினையே. ஓடாமல் இருந்திருந்தால் எங்கள் அப்பா அடிப்பதை என்றைக்கோ நிறுத்தியிருப்பார் என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு.

போடியில் எங்கள் அப்பாவின் கையை அறியாத பொருள் கிடையாது. மலையில், குரங்கணிக்கு மேலே எங்களுக்கு ஏலக்காய்த் தோட்டம். மேலே போய்வர ஒரு பழைய ஜீப்பு. பனிக்காலத்தில் அது லேசில் கிளம்பாது. முன்னால் இரும்பு ஹேண்டிலைச் சொருகிச் சுற்றுவார். அதற்கும் அசையாவிட்டால் பானெட்டில் ஓங்கி அறைவார். அப்படியும் கிளம்பாவிட்டால் பக்கத்தில் எந்தப் பிள்ளை நிற்கிறதோ அதற்கு விழும். அண்ணன்தான் எப்போதும் பக்கத்தில் நிற்பான், எனக்கு ஓடத் தெரியும். அம்மாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது. கேட்டால் குளியலறையில் வழுக்கிவிட்டதாகச் சொல்வாள். ஊரே நம்பியது, அல்லது நம்பியதுபோல இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தான். அந்தக் கோடை முழுக்க அவனைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார் அப்பா. பச்சைக் காயைக் காயவைக்கும் ஸ்டோர் இருக்கிறதே, விறகு போட்டுச் சூடேற்றுகிற அறை, அதற்குள் விட்டார். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. கீழே வரும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல மூச்சு சத்தம் போட்டது.

"மூச்சு முட்டுதாம்ல மூச்சு! எங்கப்பன் காலத்துலருந்து அந்தப் பொகையிலதான சோறு வேகுது. இவனுக்கு மட்டும் நெஞ்சு என்ன வெல்லக்கட்டியா?" என்று அப்பா முதுகில் ஒன்று வைத்தார். அவன் இன்னும் கொஞ்சம் இருமினான்.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும். அங்கே ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. அப்பா சரி என்று சொல்வதுதான் பாக்கி. எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தை மலையைவிட உயரம்.

அது கிடைத்த விதத்தைக் கேளுங்கள். ஒட்டின வீட்டில் பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர், ஆனால் இருவருக்கும் ஆகாது. தெருவில் முதல் ஃபிரிட்ஜ் அவர் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அப்பா ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் மெல்லச் சொன்னான். "நம்ம தெருவுல யாரு வீட்டுலயும் கம்ப்யூட்டர் இல்லப்பா. சாமான வாங்கிக் குடுத்தா நானே கட்டிருவேன்."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? கட்டிருவியா?"

"கட்டிருவேன்."

"ஓடிருச்சுன்னா நீ கேட்ட கோயமுத்தூருக்குப் போ. தடுக்க மாட்டேன். ஓடலைன்னு வையி, புஸ்தகத்தெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டு மலைக்கு ஏறு, மறு பேச்சு பேசக்கூடாது. ஆடி பொறந்துட்டா ஒரு நல்ல காரியமும் ஆகாது. அதுக்குள்ள ஓடணும், சொல்லிப்புட்டேன்."

பெரியப்பா காதில் விழுகிற மாதிரித்தான் சொன்னார்.

மதுரையிலிருந்து அண்ணன் சாமான்களை பஸ்சில் மடியில் வைத்தே கொண்டுவந்தான். அட்டைப்பெட்டிகளைப் பிரித்தபோது வந்த வாசம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தெர்மோகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வெளியூர் வாசம். எங்கள் வீட்டில் தலையணை, பள்ளிச் சீருடை, குடிதண்ணீர்க் குடம் எல்லாமே ஏலக்காய் மணக்கும். அந்தப் பெட்டிகள் மட்டும் மணக்கவில்லை. அண்ணன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எனக்குப் பேர் சொன்னான். மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ். பிள்ளை பெற்றவள் பிள்ளையைக் காட்டுகிற மாதிரிக் காட்டினான். அம்மா தன் பழைய பாவாடைத் துணியில் மானிட்டருக்கு உறை தைத்து, ஓரத்தில் மயில் பின்னினாள். மயிலுக்குக் கழுத்து கோணலாகப் போய்விட்டது. நாங்கள் சிரித்தோம். அப்பா வீட்டில் இல்லாத மாலை அது.

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்த நாள். வெளியே சாரல். கூடத்தில் பெரியப்பா குடும்பம், தெருவில் நாலு பேர், கேசரி, வாழையிலை. அண்ணன் எல்லாவற்றையும் முந்தின நாளே பொருத்திவிட்டான். நல்ல நேரத்தில் ஏதாவது ஒன்றைப் பொருத்த வேண்டுமே என்று ராம் என்கிற அந்தச் சின்னப் பலகையை மட்டும் தனியே வைத்திருந்தான். வரிசையாகத் தங்கநிறப் பல் வைத்த பலகை. அது போய் உட்காரும் நீளமான பள்ளம் பெட்டிக்குள் திறந்தபடி இருந்தது.

"குளிச்சிட்டு வாடா வெரசா. பூசைய நான் பாத்துக்கிறேன்" என்று அவனை விரட்டினார் அப்பா. நான் அடுப்படியில் அம்மாவுக்குச் சந்தனம் உரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் கூடத்துக்குப் போயின. அங்கே என்ன நடந்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு எந்த மெஷின் வந்தாலும் அதன் வாயில் ஒரு சிட்டிகை குங்குமம் போடுவது வழக்கம். மாவு மில்லானாலும், காய் சலிக்கிற மெஷினானாலும், தண்ணீர் மோட்டாரானாலும், சாமான் உள்ளே போகிற வாயில் முதலில் குங்குமம். "வாயில மங்களமா போட்டாத்தான் நல்லாத் தின்னு நல்லா ஒழைக்கும்" என்பார் அப்பா. ஏலக்காய்க்காரர்கள் பலபேர் வீட்டில் இது உண்டு. எல்லா மெஷினுக்கும் அது செரித்துவிட்டது.

அண்ணன் ஈரத்தலையோடு ஓடிவந்தான். "நேரம் முடியப்போகுது, போடுடா, போடு!" என்று அப்பா அவசரப்படுத்தினார். பெட்டிமேல் வைத்த பொட்டுகளை அவன் துண்டால் ஒற்றி எடுத்தான், ராமைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினான், மூடினான், பொத்தானை அமுக்கினான்.

விசிறி சுற்றியது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். திரை கருப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீ... பீ... பீ... என்று ஒரு சத்தம், விட்டு விட்டு, நிற்காமல்.

பெரியப்பா கேசரியை வாயில் போட்டுக்கொண்டே, "என்னப்பா தம்பி, குக்கரு கணக்கா விசிலடிக்குது? சோறு வெந்துருச்சான்னு தெறந்து பாரு" என்றார். கூடமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் நகர்ந்து அடுப்படி வாசலில் நின்றுகொண்டேன். அம்மா அவசர அவசரமாக எல்லோருக்கும் வெற்றிலையை நீட்டினாள். அவர்கள் போகக்கூடாது என்று நினைத்தாளா, சீக்கிரம் போகட்டும் என்று நினைத்தாளா, எனக்குத் தெரியவில்லை.

கடைசி ஆள் வெளியேறியதும் அப்பா கதவைச் சாத்திக் கொண்டி போட்டார். அந்தக் கொண்டிச் சத்தம் எங்களுக்குத் தெரியும்.

"அப்பா, ராம்லதான் ஏதோ கோளாறு. கழட்டிப் பாத்தாச் சரியாயிரும். ஒரு நாளு பொறுங்கப்பா" என்றான் அண்ணன்.

அப்பா பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு அறை விட்டார். பீ என்றது. இன்னொரு அறை. பீ என்றது. அண்ணன் கன்னத்தில் ஒன்று. அவன் மானிட்டர் மேல் சாய்ந்து, அது கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். மறுபடி பெட்டியை அடிக்கப்போன கையை அவன் எட்டிப் பிடித்துவிட்டான்.

"என்னைய அடிங்கப்பா. அதை அடிக்காதீங்க. உள்ள எல்லாம் கண்ணாடி மாதிரி, ஒடஞ்சிரும்."

எங்கள் வீட்டில் அப்பாவின் கையை அதுவரை யாரும் பிடித்தது கிடையாது. அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார், அதைச் சுற்றியிருந்த அவன் விரல்களைப் பார்த்தார். அப்புறம் உதறிக்கொண்டு வாசல் மூலைக்குப் போய் ஜீப்பு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வந்தார்.

அம்மா "ஐயோ வேணாங்க! வேணாங்க!" என்று காலைக் கட்டிக்கொண்டாள். அவளை உதைத்துத் தள்ளினார். கம்பி மேலே போனதைப் பார்த்தேன். அண்ணன் பெட்டிக்கு மேலே வலது கையை விரித்து வைத்ததைப் பார்த்தேன். விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வாயைத் திறந்தபடியே கீழே உட்கார்ந்தான். இரண்டு விரல்கள் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன. தோல் கிழிந்து ரத்தம் பெட்டியின் ஓரமாக வழிந்தது. கம்ப்யூட்டர் பாட்டுக்கு பீ... பீ... என்று கத்திக்கொண்டிருந்தது. நான்தான் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

எலும்பு கட்டுகிறவரிடம் அப்பாவேதான் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். "ஹேண்டிலு திருப்பி எத்திருச்சு" என்றார் அப்பா. ஜீப்பைச் சுற்றும்போது ஹேண்டில் எத்திக் கையை ஒடித்துக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். கட்டுகிறவர் அதற்குமேல் கேட்கவில்லை. விரல்களை நேராக இழுத்தார். அப்போதுதான் அண்ணன் கத்தினான். உளுந்தமாவையும் முட்டையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். முட்டை நாற்றத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்பா வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு. "இந்தத் திங்கக்கெழம லோடு ஜீப்புல ஏறு. ஆளுகள மேய்க்கிறதுக்குக் கை எதுக்கு? வாய் இருந்தாப் போதும்."

அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. இழுப்பு வேறு. திங்கட்கிழமை அவனை மேலே ஏற்றினால் அந்தப் புகையிலும் மழையிலும் பிழைப்பானா என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா ராசிங்காபுரத்தில் ஒரு பஞ்சாயத்துக்குப் போனார். ஜீப்பு சத்தம் தெருமுனை தாண்டியதும் அண்ணன் பாயிலிருந்து கூப்பிட்டான். "பாப்பா, ஸ்குரூடிரைவரக் கொண்டா. இன்னிக்கு என் கை நீதான்."

ஸ்குரூடிரைவரை அவன் பக்கமே நீட்டினேன். "நான் எதையாவது ஒடச்சுப்புட்டா?"

"இனிமே ஒடைக்க என்னடீ இருக்கு? தெற."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவன் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் இரும்பு சன்னலைத் தொட்டுவிட்டு வரச் சொன்னான், உடம்பில் இருக்கிற கரண்டு போய்விடுமாம். ஹார்டு டிஸ்க் வயரைக் கழற்றி ஓடவிட்டோம். பீ என்றது. ஃபிளாப்பி வயரைக் கழற்றினோம். பீ என்றது. "சரி, பிளக்கப் புடுங்கிட்டு ராம வெளிய எடு. ரெண்டு பக்கமும் வெள்ளைக் கொக்கி இருக்கும், வெளிப்பக்கமாத் தள்ளு. பயப்படாம தள்ளு." தள்ளினேன். பலகை டக்கென்று மேலே வந்தது. தங்கப் பல்லெல்லாம் செக்கச்செவேலென்று இருந்தது.

"அண்ணே, உன் ரத்தம் உள்ள போயிருச்சுண்ணே."

"கொண்டா." இடது கையால் வாங்கி முகர்ந்து பார்த்தான். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு, "ரத்தம் இல்ல பாப்பா. குங்குமம்" என்றான்.

பள்ளத்தைப் பார்த்தேன். அடிவரை குங்குமமும் காய்ந்த சந்தனமும். வாயில் மங்களமாகப் போட்டிருக்கிறார் மனிதர்! எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அண்ணன் சிரித்தான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இருமலும் சிரிப்புமாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அதை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

என் பள்ளிக்கூடப் பையிலிருந்த ரப்பரை எடுத்துப் பல்லைத் தேய்க்கச் சொன்னான். பென்சில் எழுத்தை அழிக்கிற அதே ரப்பர்தான். வெள்ளை ரப்பர் சிவப்பாகியது, பல் தங்கமாகியது. பழைய டூத்பிரஷ்ஷால் பள்ளத்தைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தேன். திரும்பப் பொருத்திக் கொக்கி இரண்டும் மூடுகிறவரை அழுத்தினேன். வயர்களை மாட்டினேன். பொத்தானை அமுக்கினேன்.

ஒரே ஒரு பீ. சின்னதாக. அப்புறம் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது பாருங்கள்! "அம்மா! ஓடுதும்மா!" என்று நான் போட்ட கூச்சல் பெரியப்பா வீடு தாண்டிக் கேட்டிருக்கும். அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து திரையைத் தொட்டாள். அவள் கையிலிருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது. "ஐயா, அப்ப நீ போயிருவல்ல? கோயமுத்தூருக்குப் போயிருவல்ல?" என்று அண்ணனின் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

அப்பா சாயங்காலம் வந்தார். கம்ப்யூட்டரை அணைக்காமலே வைத்திருந்தோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார். முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது.

"பாத்தியா? ரெண்டு போட்டதும் வழிக்கு வந்துருச்சுல்ல? அடிக்காம எது ஓடியிருக்கு இந்த வீட்டுல!" என்று பெட்டியை மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டினார். "பெரியப்பாவக் கூப்புடு, வந்து பாக்கட்டும்."

"அப்ப நான் கோயமுத்தூருக்கு..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.

"எதுக்கு? நீ கட்டுனது ஓடலை. நான் அடிச்சது ஓடுது. நாளைக்கு ஜீப்புல ஏறு."

எனக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ. சிவந்த ரப்பரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நீங்க அடிச்சு ஒண்ணும் ஓடலைப்பா. நீங்க வாயில போட்ட குங்குமந்தான் அடைச்சிருந்துச்சு. நான் இதால தொடச்சேன், ஓடுச்சு. அண்ணன் சொல்லிக் குடுத்துச்சு."

அவர் ரப்பரைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன்.

"சாமி முன்னால வச்ச குங்குமத்த, தப்பு அழிக்கிற ரப்பரால தேச்சியா, மூதேவி!"

காதோடு சேர்த்து விழுந்த அறையில் நான் கதவில் போய் மோதினேன். கொண்டி நெற்றியைக் கிழித்தது. இதோ, இந்தத் தழும்புதான், இப்போது பொட்டு வைக்கும்போது தட்டுப்படுவது. இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அந்த மனிதர் குங்குமத்தை ஆசையாகத்தான் போட்டிருப்பார் என்று தோன்றுகிறது. மகன் கட்டின மெஷின் நன்றாகத் தின்று நன்றாக உழைக்கட்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் போட்டிருப்பார். தோன்றுகிறதே தவிர, கோபம் ஒரு பிடி குறையவில்லை.

நான் எழுந்து பார்த்தபோது அண்ணன் இடது கையில் ஹேண்டிலை வைத்துக்கொண்டு நின்றான்.

அம்மா "டேய்!" என்றாள். அப்பாவுக்கு மூன்று முழத் தூரத்தில் நின்றான். கொன்றுவிடுவான் என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் திரும்பினான். எழுத்து ஓடிக்கொண்டிருந்த மானிட்டர் மீது கம்பியை இறக்கினான். வெடி வெடித்த மாதிரிக் கண்ணாடி கூடம் முழுக்கச் சிதறியது. அடுத்தது பெட்டி. ஒரு அடி, இன்னொரு அடி, தகரம் பிளந்து உள்ளே பச்சைப் பலகை முறிகிறவரை அடித்தான். மூச்சு இழுத்தது. நிறுத்தவில்லை. விசிறி கடகடவென்று சுற்றி நின்றபிறகுதான் கம்பியை அப்பாவின் காலடியில் போட்டான்.

"இப்ப அடிச்சு ஓட வையிங்கப்பா. பாக்குறேன்."

அப்பா பின்வாங்கினார். ஒரு எட்டு, இன்னொரு எட்டு, முதுகு சுவரில் இடிக்கிறவரை.

"நான் கெளம்புறேன்மா. மதுர பஸ்சு இருக்கும்" என்றான் அண்ணன்.

அப்பாவை எதிர்த்துப் பேசாதே என்பதைத் தவிர அம்மா எங்களுக்கு வேறு எதையும் சொல்லித்தந்தது கிடையாது. இப்போதும் அதைத்தான் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கண்ணாடியை மிதித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். சோற்றைப் பிசைந்து வட்டிலோடு வந்தாள். மயில் போட்ட உறையைத் தரையில் விரித்து அவனை உட்காரவைத்தாள். "சாப்ட்டுட்டுப் போ ராசா" என்றாள்.

வலது கையில் கட்டு இருந்ததே. அவளே உருட்டி உருட்டி ஊட்டினாள். அவன் அழுதுகொண்டே தின்றான். ஒரு வாய் அவனுக்கு, நடுவில் ஒரு வாய் எனக்கு. என் நெற்றி ரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். "ரசம் ஊத்தவாடா? அப்பளம் வேணுமா?" அவசரமே காட்டவில்லை. சுவரோரம் அப்பா நின்றுகொண்டே இருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தன் டிரங்குப் பெட்டியிலிருந்து போர்வையையும் அவன் சான்றிதழ்ப் பையையும் எடுத்துக் கொடுத்தாள். கொண்டியை அவளே திறந்துவிட்டாள். அண்ணன் சாரலில் இறங்கிப் போனான். தெருமுனை திரும்புகிறவரை இரண்டு பேரும் வாசலில் நின்றோம். பெரியப்பா வீட்டுச் சன்னலில் தலைகள் தெரிந்தன. எங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

உள்ளே வந்து அம்மா துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடியைக் கூட்ட ஆரம்பித்தாள். அப்பா மெதுவாகப் போய்த் தன் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வேறு யாருடைய குரலிலோ கேட்டார். "எனக்குச் சோறு?"

"அடுப்படியில இருக்கு. போட்டுத் தின்னுங்க" என்றாள் அம்மா, கூட்டிக்கொண்டே.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். உள்ளே பாத்திரங்கள் உருளுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. எங்கள் வீட்டில் தட்டு எங்கே இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாது.